கடைசி லாரியின் எடை

முதலில் சிவப்பு கேட்டேன்.
பச்சை எரிந்தது.
பச்சை கேட்டேன், சிவப்பு.
காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில் வாசலில்
டிசம்பர் பத்தாம் தேதி ராத்திரி
முந்நூறு விளக்குகளும் நானும்
இப்படித்தான் பேசத் தொடங்கினோம்.

என் வேலை எடை போடுவது.
கொப்பரை லாரி மேடையில் ஏறும்,
பெட்டியில் எண் துடித்து நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லாரி வரும்வரை மடியில் லேப்டாப்.
"பெர்சிஸ், கிறிஸ்துமஸுக்கு எதாச்சும் மினுக்கு,
பொங்கல் வரைக்கும் கெடக்கட்டும்" என்றார்
முதலாளி சென்னியப்பன்.
"கரண்ட் பில்லு மட்டும் மினுக்கக் கூடாது."

கட்டைவிரல் அளவு ஒரு பலகை.
அதிலிருந்து சேதி கிளம்புவது ஒரே கம்பியில்,
பந்தியில் வாளி போகிற மாதிரி.
முதல் விளக்கு தன் பங்கு மூன்று எண்ணை எடுத்துக்கொண்டு
மீதியை அப்படியே தள்ளிவிடும்.
அடுத்ததும் அப்படியே.
ஒன்றுகூட இன்னொன்றின் இலையில் கை வைப்பதில்லை.
கடைசி விளக்குக்கும் பரிமாறியான பின்
ஒரு சின்ன மௌனம்,
கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
அதற்குத்தான் அத்தனையும் காத்திருக்கும்.
அப்புறம் சேர்ந்து எரியும்.

நாற்பத்தேழு செத்துப்போன அன்று
அதற்கப்பால் சுவர் முழுக்க இருட்டு.
சுவிட்சை அணைத்துவிட்டு
கேட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப்போய்
வெட்டி எறிந்தேன்.
பலகை பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது.
நான் வெட்டியது நல்ல விளக்கு.
அதன் பக்கத்திலிருந்த பிணத்தையும் வெட்டி
ஈயம் உருக்கி ஒட்டுப்போட்டேன்.
ஆக, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

வெள்ளை கொடுத்தால்
கேட்டுப்பக்கம் வெள்ளை,
ஜெனரேட்டர் ரூம் பக்கம் வெண்ணெய்,
வேப்பமரத்தடியில் பழுப்பு,
மூலையில் செங்கல்.
மூட்டை இறக்கிவிட்டு வந்த பொன்னாத்தா பார்த்தாள்.
"கடைமடைக்குத் தண்ணி போகல, புள்ள."
கீழ்பவானி வாய்க்கால் வாலில் அவளுக்கு முக்கால் ஏக்கர்.
அவள் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.
அப்புறம் இன்னொரு ஒயரில்
ஐந்து வோல்ட்டை அந்த மூலைக்கே கொண்டுபோய் விட்டேன்.
மூலை வெளுத்தது.
"எங்களுக்கும் இப்படி ஒரு ஒயரு இழுத்துடு" என்று
தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு போனாள்.

மினுக்குவது லேசு என்று நினைத்திருந்தேன்.
எரி, அணை, எரி, அணை:
அது ஆம்புலன்ஸ்.
எங்கோ ஒன்றைச் சட்டென்று எரியவிட்டு
மொத்தச் சுவரையும்
துளித்துளியாய் மறக்கச் சொல்ல வேண்டும்.
மறப்பதற்குள் இன்னொன்று.
இது பிடிபட ஒன்பது ராத்திரி.

பிடிபட்டதும் வேறொரு கோளாறு.
கரண்ட் போய் வரும்போதெல்லாம்
அதே விளக்கு முதலில், அதே விளக்கு அடுத்தது:
பன்னிரண்டு, தொண்ணூறு, இருநூற்றுப் பதினொன்று.
வாட்ச்மேன் மாரப்பன் மூன்றே நாளில் மனப்பாடம் செய்து
எரியுமுன் விரல் நீட்டினார்.
தற்செயலுக்கும் விதை வேண்டுமாம்,
ஒரே விதைக்கு ஒரே செடிதானாம்.

யாரிடமும் சொல்லவில்லை.
எடைப்பெட்டியின் முதுகிலிருந்து
ஒரு கம்பியை இழுத்துப் பலகையில் கொடுத்தேன்.
எந்த வண்டி மேடையில் ஏறினாலும்
அதன் எடைதான் இனி விதை.

இருபத்துநாலாம் தேதி, மணி ஒன்பதரை.
பையில் மாற்றுப் புடவை மடிப்புக் கலையாமல் இருக்கிறது.
பொள்ளாச்சியிலிருந்து கடைசி லாரி.
பதினாறாயிரத்து நானூற்று இருபது.
டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்தார்.
அவர் ஏற்றி வந்த பாரம்
சுவரெங்கும் பொட்டுப்பொட்டாய் எரிந்து அணைந்துகொண்டிருந்தது.
"நல்லாருக்குதுங்க. எங்க வாங்குனீங்க?"
சீட்டை நீட்டினேன்.

பாரம் இறங்கி முடிக்கப் பன்னிரண்டு ஆனது.
தாராபுரம் ரோட்டுச் சர்ச்சில்
முதல் பாட்டு முடிந்திருக்கும்.
வெற்று வண்டி மறுபடி மேடையில் ஏறியது.
ஆறாயிரத்து நூற்று எண்பது.
சுவர் ஒரு கணம் தடுமாறி
வேறு இடத்திலிருந்து தொடங்கியது.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
அவர் ரோட்டைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.